ஏழாம் மாதம் கழியும்வரை

காலையில் எழுந்ததும் முதலில் ஜெனரேட்டரை நிறுத்துவேன். டிரம்மிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டு முகம் கழுவுவேன். பால் பவுடரில் டீ. முந்தின நாள் களி மீந்திருந்தால் அதைக் கரைத்துக் குடிப்பேன், இல்லாவிட்டால் ரொட்டி. பிறகு ஷெட்டுக்குப் போய், புது ஜீப்பின் அடியில் சாக்கை விரித்துப் படுப்பேன். பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டையின் மேல் மூடியைத் திருகி எடுத்து, துளைக்குள் சுண்டு விரலை விடுவேன். நுனி நனைய வேண்டும். நனையும். மூடிவிட்டு முன் அச்சுக்கு நகர்வேன். அதுவும் நனையும். இதை தினமும் பார்க்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் எனக்கு வேறு வேலை இல்லை.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி நீங்கள் என்னை விசாரித்தீர்கள். நகை கேட்டாயா, அடித்தாயா, குடிப்பாயா, வேறு பெண் உண்டா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எல்லாமே உண்மை. என் மாமியார் சரோஜம்மாள், மாப்பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை என்று அழுதுகொண்டே கைநாட்டு வைத்தார். அவருக்குத் தெரிந்தவரை அதுவும் உண்மை. ஆயிலைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

குவாரியை நீங்கள் வெயில் நாளில் வந்து பார்த்தீர்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலையில் பிரிந்து, காட்டுப் பாதையில் ஏறி வந்தீர்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தப் பாதை வேறு மாதிரி ஆகிவிடும். கல் லாரிகள் ஏறாது. கல் உடைப்பவர்கள் பூட்டுப் போட்டுவிட்டுத் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பொங்கல் கழிந்துதான் வருவார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள சூப்பர்வைசரான நான் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று இருக்கும். அதை ஓட்ட திம்மராயன் இருப்பார். அவர் வீடு அடிவாரத்து ஊரில்தான் என்பதால், வேலை இல்லாத நாட்களில் இறங்கிப் போய்விடுவார்.

நான் சின்ன வயதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவன். லீவுக்குப் போக வீடு கிடையாது. எல்லாரும் போன பிறகு வார்டன் எனக்கு ஒரு அறையின் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். சேலத்தில் பி.எஸ்சி. படித்தபோதும் அப்படித்தான். குவாரி வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணமே, மழைக்காலத்தில் அங்கே தனியாக இருக்க வேறு யாரும் சம்மதிக்காததுதான். எனக்குப் பழக்கம் என்று சொல்லி வாங்கினேன். உண்மையில் அது பழகுகிற விஷயம் இல்லை. ஜெனரேட்டர் ஓடுகிறவரை சமாளிக்கலாம். அது நின்ற பிறகுதான் கஷ்டம்.

சாந்தம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு அங்கே ஒரு குரல் இருந்தது. சமைக்கும்போது ஸ்டவ்வைத் திட்டுவாள். தண்ணீர் டிரம்மோடு பேசுவாள். தன் ஊரான காவேரிப்பட்டினத்தில் யார் வீட்டு மாமரம் எந்த வருஷம் காய்த்தது என்றெல்லாம் சொல்வாள். நான் பதில் சொல்வது குறைவு. கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்கும் போதும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் உண்டானபோது சந்தோஷப்பட்டேன். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து, தலை நின்ற பிறகுதான் திருப்பி அனுப்புவார்கள். கூட்டிப் பார்த்தால் அரை வருஷத்துக்கு மேல். எல்லா ஆண்களும் அதை எப்படியோ கடந்துவிடுகிறார்கள். எப்படி என்று நான் யாரையும் கேட்டதில்லை.

ஏழாம் மாதம் தவறிவிட்டால் எட்டாம் மாதத்தில் அழைத்துப் போகமாட்டார்கள். அந்த மாதத்தில் கர்ப்பிணி வீடு மாறக் கூடாது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மறுபடி ஒன்பதில்தான். இதை எனக்குச் சொன்னவள் சாந்தம்மாவே. அம்மா குறித்து அனுப்பிய நாளில் மழை வந்து கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில் சொன்னாள்.

அவளுக்கும் போக மனமில்லை. வாயால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

நான் யோசித்தது எளிமையானது. அவளை நான் தடுக்கவில்லை. ஏழாம் மாதம் கழியும்வரை ஜீப் ஓடாமல் இருந்தால் போதும். நின்றிருக்கிற வண்டி யாருக்கும் தீங்கு செய்யாது.

இந்த மாதிரி ஜீப்பில் என்ஜினும் கியர்பாக்ஸும் தவிர மூன்று இடங்களில் ஆயில் உண்டு. முன் அச்சு உருண்டை, பின் அச்சு உருண்டை, இரண்டுக்கும் நடுவே இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி. உருண்டையை ‘கிரவுன்’ என்பார்கள், பெட்டியை ‘ஸ்பெஷல் கியர்’ என்பார்கள். தேன் மாதிரி கெட்டியான ஆயில். பழசானால் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூடிகள். கீழ் மூடி வடிக்க, மேல் மூடி ஊற்ற. மேல் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் மூடியைத் தொட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பதை வடித்துவிட்டு, திருப்பி ஊற்ற வழியில்லாமல் உட்கார வேண்டியதுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் அம்மா வருவதற்கு முந்தின நாள், மழைக்கு முன் சர்வீஸ் செய்துவிடலாம் என்று திம்மராயனிடம் சொல்லிவிட்டு நானே வண்டியின் அடியில் போனேன். மூன்றையும் வடித்தேன். பிறகு பின் கிரவுனின் மேல் மூடியில் பொருந்தாத ஸ்பானரை மாட்டி, அதன் மூலைகள் மழுங்கி உருண்டையாகும்வரை திருப்பினேன். சாந்தம்மா சற்றுத் தள்ளி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றம் அவளுக்குக் குமட்டும். ஆனாலும் பேச்சுத்துணைக்கு அங்கே எங்களைத் தவிர ஆள் கிடையாது.

திம்மராயன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன சார், மேல தொறக்காம கீழ தொறந்துட்டீங்க? காலேஜ்ல இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

சாந்தம்மா சிரித்தாள். “அவரு பிசிக்ஸு அண்ணா. கண்ணுக்குத் தெரியாததுதான் அவருக்குத் தெரியும். மூடி கண்ணுக்குத் தெரியுதில்ல, அதான்.”

நானும் சிரித்தேன். திம்மராயன் வண்டியோடு எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். அன்றைக்கு அதைத் தட்டிக்கொடுத்து ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு, ஓசூர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பக் கீழே இறங்கிப் போனார். சாந்தம்மா சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: “அப்ப நாளைக்கு அம்மா எப்பிடி மேல வரும்?” பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் நான் நடந்து இறங்கினேன். சரோஜம்மாள் அடிவாரத்து டீக்கடையில் மடியில் ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியின் நிலைமையைச் சொன்னேன்.

“வண்டி இல்லாட்டி என்ன மாப்ள, நான் நடந்து ஏர்றன். அவள மெதுவா கைபுடிச்சு கூட்டியாந்துர்றன்.”

ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது, உங்களுக்கு முட்டிவலி என்றேன்.

“முட்டி கெடக்குது. எம்மவள பாத்து எத்தன மாசமாச்சு.” சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

அதனால்தான் நான் அதைச் சொல்ல வேண்டி வந்தது. “அவளே வரலைங்கறா அத்தை. என்னைத் தனியா விட்டுட்டு வர மனசில்லையாம்.”

சரோஜம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு டீக்கடைக்காரியிடம் சிரித்தார். “கேட்டியா, எம்மவ புருசன உட்டு வரமாட்டாளாம். பொறந்த வூடு அவளுக்குக் கசந்துபோச்சு. நாமதான் பொட்டப்புள்ள பொட்டப்புள்ளன்னு வாரிக்கட்டிக்கிட்டு ஓடியாரோம்.” சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூட்டையை என் கையில் கொடுத்தார். அதில் கண்ணாடி வளையல்களும், வாழை இலையில் கட்டிய எலுமிச்சம்பழச் சாதமும் இருந்தன.

நான் சொன்னது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் இன்னும் சொல்லாத ஒன்றைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

சாதத்தை மேலே கொண்டுபோக முடியாது. அது யார் கைப்பக்குவம் என்று அவளுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. வளையல்களை வழியில் இருக்கிற முனியப்பன் வேலில் மாட்டிவிட்டேன். வேண்டிக்கொள்கிறவர்கள் அப்படி மாட்டுவது உண்டு என்பதால் அது வித்தியாசமாகத் தெரியாது.

சாந்தம்மாவிடம், அத்தைக்குக் காய்ச்சல், வரவில்லை, ஒன்பதாம் மாதம் வருவார்களாம், டீக்கடைக்கு ஆள் வந்து சொன்னார் என்றேன். ஊசி போட்டார்களாமா என்று கேட்டாள். போட்டார்களாம் என்றேன். அதன் பிறகு பல நாட்கள் அந்தக் காய்ச்சலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விட்டிருக்குமா, கஞ்சி யார் வைத்துத் தருவார்கள், தம்பிக்கு ரசம்கூட வைக்கத் தெரியாதே என்று. நான் சலிக்காமல் பதில் சொன்னேன். அந்த நாட்களில் நாங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினோம்.

மெக்கானிக் வந்து அந்த மூடியை உளியால் அடித்துக் கழற்றி வேறு போடுவதற்குள் ஏழாம் மாதம் கழிந்துவிட்டது. பின் கிரவுனுக்கும் நடுப் பெட்டிக்கும் மெக்கானிக், திம்மராயன் இருவர் கண்ணெதிரிலும் ஆயில் ஊற்றினேன். முன் கிரவுனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மெக்கானிக்கை அனுப்பினேன். பிறகு ஊற்றிவிட்டதாகத் திம்மராயனிடம் சொன்னேன். ஊற்றவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. ஒன்பதாம் மாதம் ஒன்று வரும் அல்லவா. முன் கிரவுன் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஸ்பெஷல் கியர் போட்டு முன் சக்கரத்தையும் இழுக்க வைத்தால்தான் அதன்மேல் பாரம் ஏறும். காய்ந்த பாதையில் பின் சக்கரம் இழுத்தே போய் வரலாம். சாமான் வாங்க நானே ஓட்டிக்கொண்டு போனேன், மழை விட்ட நாளாகப் பார்த்து. முன்பக்கம் லேசாக ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். அழைத்துப் போக வருகிற அன்று ஈரப் பாதையில் ஸ்பெஷல் கியர் போடுவார்கள். குவாரியைத் தாண்டி ஓடை ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். எல்லாரும் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். அதற்குள் வலி கண்டால் அடிவாரத்திலிருந்து மருத்துவச்சியைக் கூட்டி வரலாம். பிள்ளை என் வீட்டிலேயே பிறக்கும். ஒருவருக்கும் கஷ்டம் இல்லாதபடிதான் நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

எட்டாம் மாதத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கார்த்திகை. முந்தின நாள் முழுக்க மழை பெய்து ஓய்ந்திருந்தது. திம்மராயன் ஷெட்டில் தங்கியிருந்தார். விடியும் நேரத்தில் சாந்தம்மா என்னை எழுப்பினாள். வலி இல்லை என்றாள். ஆனால் பாய் நனைந்திருந்தது. விளக்கை எடுத்துவந்து பார்த்தேன். ரத்தம்.

“பயமா இருக்குது. வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

ஆயில் டின் ஷெட்டில்தான் இருந்தது. மேல் மூடியைத் திறந்து ஊற்றக் கால் மணி நேரம் போதும். நான் அதை மறந்துவிடவில்லை. போர்வையை மடிக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் டின்னோடு வண்டியின் அடியில் போனால் திம்மராயன் கேட்பார். அவள் கேட்பாள். இத்தனை நாள் ஏன் ஊற்றவில்லை என்பதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் கால் மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமாகவும் பட்டது.

பின்னால் போர்வையை விரித்து அவளைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். திம்மராயன் குலுக்காமல்தான் ஓட்டினார். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு. அதைத் தாண்டியதும் நீளமான ஏற்றம், முழுக்கச் சேறு. பின் சக்கரம் வழுக்கியது. அவர் கை சின்னக் கம்பியின்மேல் போய் நின்றது. மழைக்காலத்தில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவார்.

“ஸ்பெஷல் போட்டுக்கட்டுமா சார்?”

“போடுங்க” என்றேன்.

ஏற்றத்தில் பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். முன்பக்கத்து முனகல் பெரிதாகி, கருகல் வாடை வந்தது. பிறகு கல்லில் கல் உடைவது மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றது. முன் சக்கரங்கள் அசையவில்லை. ஸ்பெஷல் கியர் கம்பி திரும்பி வரவும் இல்லை. நான் நினைத்தபடியேதான் நின்றது. வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திம்மராயன் சேற்றில் படுத்து மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார்.

“சார், முன்னால ஒரு சொட்டு இல்லியே.”

“நீங்க பாக்கலியா?”

“நீங்கதான ஊத்தியாச்சுன்னு சொன்னீங்க.”

“தினமும் பாக்கறது டிரைவர் வேலை.”

குவாரி விதி அப்படித்தான் சொல்கிறது. போலீசிடமும் இதையே சொன்னேன். அப்போது திம்மராயன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தன்மேல்தான் தப்போ என்று யோசிக்கிற முகமாக இருந்தது. இன்றைக்கு அவர்மேல் வழக்கு நடக்கிறது. லைசென்ஸ் போய்விட்டது. ஊற்றியாச்சு என்று நான்தான் சொன்னதாக அவர் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நான் படித்தவன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

திம்மராயன் கையைக் கந்தைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஊருக்கு ஓடிப்போய்க் கட்டிலோடு ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்றார். ஏறி வந்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

“தகிரியமா இரு தங்கச்சி. இதோ வந்துர்றன். அன்னிக்கே உங்கம்மா கூட போயிருந்தா இந்தக் கஷ்டமே இல்ல. வளையலும் சோறும் எடுத்துக்கிட்டு வந்து டீக்கடையில பொழுது சாயற வரைக்கும் ஒக்காந்திருந்துச்சு பாவம். நீ வரமாட்டன்னு சொல்லி அனுப்பிட்டியாமே.”

வண்டி ஓடாத நாட்களில் அவர் ஊரில் இருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை. இத்தனை நாள் அவர் அதைப் பேசாததற்குக் காரணம், புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நினைத்ததுதான். அப்போது சொன்னதும் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆட்கள் வந்து சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்திருந்தது.

இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றேன். காரியத்தன்று சரோஜம்மாள் கேட்டபோது, ‘உங்களைத் தனியாக விட்டுட்டுப் போறேனே’ என்று சொன்னாள் என்றேன். அவர் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறார். எனக்கு இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறார். நானும் மாதம் ஒருமுறை போய் வருகிறேன்.

அவள் தண்ணீர் கேட்கவில்லை. திம்மராயன் போன பிறகு, தலையை என் மடியிலிருந்து நகர்த்திப் போர்வைமேல் வைத்துக்கொண்டாள். அதற்கு அவளிடம் பலம் மிச்சமிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு வண்டியின் கூரைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான்தான் பேசினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியதில்லை. ஹாஸ்டல் சாவியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. நான் அவளை அடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்பதை அப்போதும் சொன்னேன். எவ்வளவு நேரம் கேட்டாள், எப்போதிலிருந்து கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

திம்மராயன் இரண்டு முறை காவேரிப்பட்டினம் போனார். அவள் தம்பி வாசலிலேயே சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். போன வாய்தாவில் கோர்ட்டு மரத்தடியில் என்னிடம் வந்தார். கேஸ் எப்படியோ போகட்டும் சார், அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையை மட்டும் அந்த அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள், நான் போனால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகும் ஒருமுறை சரோஜம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அந்த அம்மாவைக் கூப்பிட்டனுப்பிச் சொல்லலாம்.

அவள் கடைசியாகப் பேசியது என்னிடம் இல்லை. திம்மராயன் இறங்கக் காலெடுத்து வைத்தபோது அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“அண்ணா, எங்கம்மாகிட்ட சொல்லிருங்க. வரமாட்டேன்னு நான் சொல்லவேயில்ல.”